நாட்டுக்கோழி அடை வைத்தால் பாதி முட்டை கூமுட்டையாகிறது, இன்குபேட்டர் வாங்கலாமா?

இன்குபேட்டர் வாங்கலாமா என்பதுதான் நீங்கள் கேட்டிருப்பது. ஆனால் கூடவே எழுதியிருக்கும் விவரத்தைப் படித்தால் கேள்வி வேறு. 13 முட்டை வைத்து, 5 குஞ்சு பொரிந்து, ஒன்றரை மாதத்தில் ஒன்று மட்டும் மிஞ்சியது ஏன் என்பதே அது. மற்றவர்களுக்காக உங்கள் நிலவரத்தைச் சுருக்கிவிடுகிறேன்: பணி ஓய்வுக்குப் பின் ஊர் திரும்பி, 30 சென்ட் தோட்டத்தில் 8 பெட்டை, 1 சேவல். சித்திரையில் அடை வைத்தீர்கள். முட்டைகள் மூன்று வாரமாகச் சமையலறை அலமாரியில் சேர்த்தவை. மற்றக் கோழிகள் முட்டையிடும் அதே கூண்டில்தான் அடைக்கோழியும் உட்கார்ந்தது. பொரிந்த மூன்றாம் நாளே குஞ்சுகளைத் தாயோடு வெளியே விட்டு நொய் போட்டீர்கள். பிறகு சில குஞ்சுகள் இறக்கை தொங்கி, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து திருகிச் செத்தன.

கோழி மருத்துவம் படித்து, அதிலேயே வேலை பார்த்தவன் என்ற முறையில் முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன்: வாங்க வேண்டாம். உங்கள் இழப்பு இரண்டு இடத்தில் நடந்திருக்கிறது. ஒன்று முட்டை கோழிக்கு அடியில் போவதற்கு முன்பே, மற்றொன்று குஞ்சு வெளியே வந்த பிறகு. இடைப்பட்ட 21 நாளைத்தான் இன்குபேட்டர் பார்த்துக்கொள்ளும். அந்த 21 நாளை நாட்டுக்கோழி காசில்லாமல், மின்வெட்டுக்கு அசராமல் செய்துவிடும். போதாததற்கு, இன்குபேட்டர் குஞ்சுக்குத் தாய் கிடையாது. பல்பு போட்டு, முதல் வாரம் 35 டிகிரி சூடு வைத்து, வாராவாரம் மூன்று டிகிரி குறைத்து, ராத்திரி எழுந்து பார்த்து வளர்க்க வேண்டும். 8 கோழிக்கு அது தேவையில்லாத வேலை.

முட்டையிலிருந்து தொடங்குவோம். கோழியின் வயிற்றுக்குள் முட்டை உருவாக ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகிறது. அங்கே சூடு 41 டிகிரி. ஆகவே கருக்கூடிய முட்டை வெளியே வரும்போதே உள்ளே கரு வளரத் தொடங்கியிருக்கும். வெளியே வந்து குளிர்ந்ததும் அப்படியே நின்றுவிடும். சுமார் 20 டிகிரிக்குக் கீழே இருந்தால் நின்றது நின்றபடி இருக்கும். சித்திரை மாதச் சமையலறையில் 35, 36 டிகிரி. அங்கே கரு தூங்கவும் முடியாது, ஒழுங்காக வளரவும் முடியாது. அரைகுறையாக வளர்ந்து சில நாளில் செத்துப்போகும். மூன்று வாரம் வைத்திருந்த முட்டையில் 5 பொரிந்ததே பெரிய விஷயம். கோடையில் முட்டைக்கு 5 நாள் கெடு, மார்கழி தையில் 7 முதல் 10 நாள். அதற்கு மேல் ஆன முட்டையைக் குழம்புக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கோழி ஒரு ஈட்டில் 10, 15 முட்டைதான் இடும், அதுவும் இடையிடையே நாள் விட்டு. அப்புறம் 5 நாளில் எப்படிச் சேர்ப்பது என்று கேட்பீர்கள். அடைக்கு உட்காரும் கோழி தன் முட்டையைத்தான் அடைகாக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. எல்லாக் கோழிகளின் முட்டையையும் தினமும் எடுத்து, பென்சிலால் தேதி எழுதி (பேனா வேண்டாம்), கடைசி 5 நாள் முட்டைகளை மட்டும் வையுங்கள். கூட்டில் ஒரு பொய் முட்டையை, அதாவது அடையாளம் போட்ட பழைய முட்டையையோ சுண்ணாம்புக் கட்டியையோ விட்டுவைத்தால் கோழி இடம் மாற்றாமல் அங்கேயே இடும். சேர்க்கும் முட்டைக்குப் பழைய முறையே நல்ல முறை: அகன்ற மண்பானையில் பாதி வரை மணல், அதைத் தினமும் நனைத்து, மேலே துணி போட்டு, கூர்முனை கீழே இருக்கும்படி முட்டைகளை அடுக்கி, காற்றோட்டமான நிழலில் வைப்பது. மணல் ஈரம் காயக் காயப் பானை குளிரும். வீட்டு ஃபிரிட்ஜின் 4 டிகிரி கருவுக்கு அதிகக் குளிர். இரண்டு மூன்று நாள் இருந்த முட்டை பொரிவதும் உண்டு என்றாலும் அதை நம்பி வைக்க வேண்டாம். முட்டையைக் கழுவவும் கூடாது. ஓட்டின் மேலிருக்கும் மெல்லிய பூச்சு போய்விட்டால் கிருமி உள்ளே போக வழி கிடைக்கும். எச்சம் அப்பிய முட்டையை அடைக்கு எடுக்காதீர்கள். மிகப் பெரியது, உருண்டையானது, ஓடு சொரசொரப்பானது ஆகியவற்றையும் தள்ளிவிடுங்கள்.

'கூமுட்டை' என்று ஒரே பெயரில் நாம் தள்ளிவிடுவதற்குள் மூன்று வேறு வேறு குறைகள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் அடுத்த ஈட்டைத் திருத்த முடியாது. 7-ம் நாள் இரவு, ஒரு அட்டையில் இரண்டரை சென்டிமீட்டர் துளை போட்டு, அதற்குப் பின்னால் செல்போன் டார்ச்சைப் பிடித்து, முட்டையின் அகன்ற முனையைத் துளைமேல் வையுங்கள். உயிருள்ள முட்டையில் நடுவில் ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து சிலந்திக் கால் போல எல்லாப் பக்கமும் ஓடும் சிவப்பு நரம்புகளும் தெரியும். லேசாக ஆட்டினால் புள்ளி அசையும். ஒன்றுமே இல்லாமல் மஞ்சளாக, தெளிவாக இருந்தால் கரு கூடவே இல்லை. சேவலைப் பாருங்கள்: வயதானதா, கால் நொண்டுகிறதா, ஒரு சில பெட்டைகளோடு மட்டுமே சேருகிறதா? ஒரு சேவலுக்கு 8, 10 பெட்டை சரியான கணக்கு. நரம்பு கலைந்து, ஓட்டோடு ஒட்டிய ரத்த வளையம் மட்டும் தெரிந்தால் கரு கூடி முதல் சில நாளில் செத்திருக்கிறது. பெரும்பாலும் பழைய முட்டை, சூட்டில் கிடந்த முட்டை. மூன்றாவது வகை 7-ம் நாள் தெரியாது. 21 தாண்டியும் பொரியாத முட்டையை உடைத்தால் உள்ளே முழுக் குஞ்சு செத்துக் கிடக்கும். அது கூட்டின் ஈரக்குறைவு, அல்லது கோழி பல மணி நேரம் எழுந்து போனது. பொரியாத முட்டையைத் தூக்கி எறியாமல் உடைத்துப் பார்த்து எழுதி வையுங்கள். நாற்றம் அடிக்கும், தோட்டத்து ஓரத்தில் வைத்து உடையுங்கள்.

அடுத்தது கோழி. இரவிலும் கூட்டை விட்டு எழாமல், கையை நீட்டினால் சிலிர்த்துக் கொத்தி, வயிற்று மயிர் உதிர்ந்து தோல் சூடாக இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால் இரண்டு மூன்று பொய் முட்டை மேல் இரண்டு இரவு உட்கார வைத்துச் சோதித்துவிட்டு நல்ல முட்டைகளை வையுங்கள். சின்ன உடம்புக் கோழிக்கு 9, நல்ல வாளிப்பான கோழிக்கு 11 அல்லது 12. 13 வைத்தால் ஓரத்து முட்டை ஒன்றிரண்டு மட்டும்தானே கெடும் என்று நினைக்கலாம். அப்படியில்லை. கோழி நாளெல்லாம் முட்டையைப் புரட்டி இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். இன்று நடுவில் இருப்பது நாளை ஓரத்துக்குப் போகும், ஆக எல்லா முட்டையும் முறை வைத்துக் குளிரும். வனராஜா, கிராமப்பிரியா போன்ற மேம்படுத்தப்பட்ட இனங்களை அடைக்கு நம்பாதீர்கள். முட்டை நிறைய இடட்டும் என்று தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டதில் அடைகாக்கும் குணம் பெரும்பாலும் போய்விட்டது. அவற்றின் முட்டையை நாட்டுப் பெட்டைக்கு அடியில் தாராளமாக வைக்கலாம்.

உட்கார வைப்பதற்கு இரண்டு நாள் முன்பு இறக்கைக்கு அடியிலும் பின்துளையைச் சுற்றியும் மயிரை விலக்கிப் பேன், செள்ளு இருக்கிறதா என்று பாருங்கள். அடைக்கோழி பாதியில் எழுந்து போவதற்கு முக்கியக் காரணம் இது. ராத்திரி செள்ளு கடி தாங்காமல் எழுந்துவிடும், பொரிந்த குஞ்சின் தலையிலும் ஏறி ரத்தம் குடிக்கும். சாம்பலும் மணலும் கலந்த குழியில் புரள விடுவது சுமாரான தொல்லைக்குப் போதும். அதிகமாக இருந்தால் கால்நடை மருத்துவரிடம் மருந்து கேளுங்கள். பூச்சிமருந்தை நீங்களாகக் கலந்து தெளிக்க வேண்டாம்.

கூட்டுக்கு 35, 40 சென்டிமீட்டர் அகலமுள்ள மூங்கில் கூடையோ மண்சட்டியோ போதும். அடியில் மூன்று விரல் உயரம் லேசாக ஈரமான மணல், அதன் மேல் நறுக்கிய வைக்கோல், நடுவில் கையால் அழுத்திக் குழிவு. மணல் ஈரத்துக்கு வேலை இருக்கிறது. முட்டை 21 நாளில் தன் எடையில் எட்டில் ஒரு பங்கு அளவுக்கு நீரை இழக்க வேண்டும். வறண்ட காற்றில் அதற்கு மேல் இழந்தால் உள்சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும், குஞ்சால் திரும்பி ஓட்டை உடைக்க முடியாது. 18-ம் நாளிலிருந்து கூடையைச் சுற்றித் தண்ணீர் தெளியுங்கள், முட்டைமேல் வேண்டாம். கூடையை இடுப்பு உயர மேடையில் வைத்தால் தினமும் குனிய வேண்டியதில்லை, உங்கள் முதுகுக்கும் நல்லது. மேடைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். ஓட்டில் துளை விழுந்ததும் எறும்புக்கு வாசனை தெரிந்துவிடும், ஒரே இரவில் மொத்தக் குஞ்சையும் முடித்துவிடும்.

இடம் தனியாக இருக்க வேண்டும். உங்கள் கூண்டில் மற்றக் கோழிகளும் அதே இடத்தில் முட்டையிட்டிருக்கும். அடையாளம் போடாததால் அவை எது, முதலில் வைத்தவை எது என்று தெரியாமல் போயிருக்கும். முதல் குஞ்சுகள் வெளியே வந்ததும் தாய் எழுந்துவிடும், பிந்திய முட்டைகள் பாதி வளர்ந்து சாகும். எல்லா முட்டையையும் ஒரே மாலையில் வையுங்கள், தேதி போடாத முட்டையைத் தினமும் எடுத்துவிடுங்கள். கோழி ஒரு நாளைக்கு ஒரு முறை 15, 20 நிமிடம் எழுந்து கம்போ சோளமோ தின்று, தண்ணீர் குடித்து, பெரிதாக ஒரு எச்சம் போட்டுவிட்டுத் திரும்பும். அதற்குப் பயப்பட வேண்டாம். எழவே மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கும் கோழியைத்தான் நீங்கள் தூக்கி வெளியே விட வேண்டும். 20-ம் நாள் ஓட்டில் கீறல் விழும். அதிலிருந்து குஞ்சு முழுதாக வெளியே வர ஒரு நாள்கூட ஆகலாம். அந்த நேரத்தில்தான் மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுக்கப்படும், சவ்வின் ரத்த ஓட்டம் அடங்கும். இரக்கப்பட்டு ஓட்டை உரித்தால் ரத்தம் கசிந்து செத்துவிடும். உள்ளே போன அந்த மஞ்சள் கரு இரண்டு நாளைக்குச் சாப்பாடு, ஆகவே பொரிந்த அன்றே தீவனம் ஊட்ட அவசரப்பட வேண்டாம்.

கூட்டில் இரும்புத் துண்டு, அடுப்புக்கரி, மிளகாய்வற்றல் வைக்கச் சொன்னார்கள், அது உண்மையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இடிச் சத்தத்தில் கரு கலங்கும், இரும்பு அதைத் தடுக்கும் என்பது ஊர்தோறும் சொல்லப்படுவது. இடி கருவைக் கொல்லும் என்பதற்கோ இரும்பு காக்கும் என்பதற்கோ நம்பத் தகுந்த சான்று இல்லை. இடி மழையன்று கோழி மிரண்டு எழுவதும் கூடு நனைந்து குளிர்வதும் நடக்கும், பழி இடிமேல் விழுந்திருக்கலாம். வைப்பதால் கெடுதல் இல்லை, ஆனால் ஆணி போலக் கூரானது வேண்டாம். கூர்முனை முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை என்பதை நம்பி முட்டை பொறுக்க வேண்டாம். பறவைகளில் ஆணா பெண்ணா என்பது ஓடு உருவாவதற்கு முன்பே தாயின் பக்கத்தில் முடிவாகிவிடுகிறது. ஒற்றைப்படையில் வைப்பது வெறும் வழக்கம், வைத்துக்கொள்ளுங்கள்.

இனி குஞ்சுகள். 5-ல் 4 போனதுதான் உங்கள் பெரிய இழப்பு, இதற்கும் அடைக்கும் சம்பந்தமே இல்லை. நொய்யில் புரதம் நூற்றுக்கு 8 பங்குதான். வளரும் குஞ்சுக்கு 20 பங்கு வேண்டும். நொய் மட்டும் தின்ற குஞ்சு வயிறு நிறைந்தும் மெலியும், இறக்கை முளைக்கத் தாமதமாகும், எந்த நோய் வந்தாலும் முதலில் விழும். முதல் 8 வாரம் கடையில் விற்கும் குஞ்சுத் தீவனம் கொடுங்கள். ஒரு குஞ்சுக்கு மொத்தம் ஒன்றரை கிலோ கணக்கு வைத்தால் போதும், 10 குஞ்சு என்றாலும் 15 கிலோதான். இந்த இடத்தில் சிக்கனம் பார்ப்பது வீண். கூடவே கரையான் பிடித்துப் போடலாம். ஓட்டைப் பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, வைக்கோல் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால் காலையில் நிறைந்திருக்கும். தட்டிக் கொட்டினால் குஞ்சுகள் ஒரு நிமிடத்தில் பொறுக்கி முடிக்கும். வீட்டு நிலைக்கதவிலிருந்து தள்ளி வையுங்கள், வீட்டுக்காரம்மாவிடம் திட்டு வாங்கக்கூடாது.

முதல் மூன்று வாரம் தாயும் குஞ்சும் பஞ்சாரத்துக்குள், அதாவது கவிழ்த்து வைக்கும் பெரிய மூங்கில் கூடைக்குள், இருக்கட்டும். பருந்து, காக்கை, கீரி, பூனை எல்லாவற்றுக்கும் அதுதான் காவல். ஒரு நாளைக்கு ஒரு முறை, வெயில் ஏறிய பிறகு, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது திறந்துவிடுங்கள். ஈரத் தரையில் கவிழ்க்காதீர்கள், தினமும் இடம் மாற்றுங்கள். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் பரப்பி வைத்தால் குஞ்சு விழுந்து மூழ்காது. இரவில் அரை அங்குலக் கம்பி வலை அடித்த கூண்டு வேண்டும். கோழி வலை என்று விற்கும் பெரிய கண் வலை பாம்பையும் கீரிக்குட்டியையும் தடுக்காது.

பச்சை வெள்ளைக் கழிச்சல், இறக்கைத் தொய்வு, கழுத்துத் திருகல் மூன்றும் சேர்ந்தால் வெள்ளைக் கழிச்சல், அதாவது ராணிக்கெட் நோய் என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். எழுத்தில் படித்துவிட்டு அதுதான் என்று உறுதியாகச் சொல்வது சரியல்ல. ரத்தக் கழிச்சல், தீவனக் குறை எல்லாமே குஞ்சைச் சுருண்டு உட்கார வைக்கும். அடுத்த முறை ஒன்று செத்தால் புதைக்காமல், பிளாஸ்டிக் பையில் கட்டி, பனிக்கட்டியோடு (உறைய வைக்காமல்) அன்றே மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். அறுத்துப் பார்த்தால் யூகம் தேவையில்லை.

வெள்ளைக் கழிச்சலுக்கு வந்த பிறகு மருந்து கிடையாது, இது உறுதி. தடுப்பூசி உண்டு. பொரிந்த 7-ம் நாள் எஃப்-1 அல்லது லசோட்டா என்ற தடுப்பு மருந்து, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. 4-ம் வாரம் லசோட்டா மறுபடியும். 8 வாரம் முடிந்ததும் ஆர்.டி.வி.கே ஊசி, இறக்கைப் பக்கம் தோலுக்கு அடியில் அரை மில்லி. கடைசியாகச் சொன்னது வீரியமானது, 8 வாரத்துக்கு முன் போட்டால் ஊசியே குஞ்சைப் படுக்க வைத்துவிடும். பிப்ரவரியில் கால்நடைத் துறை இரண்டு வாரம் முகாம் நடத்தும், அதைத் தவற விடாதீர்கள். ஊசி போட்டும் செத்தது என்று பலர் சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் மருந்தைப் பனிக்கட்டியில் வைக்காததுதான். இவை உயிருள்ள நச்சுயிரி மருந்துகள். மருத்துவமனையிலிருந்து தெர்மாஸில் பனிக்கட்டியோடு வர வேண்டும், கரைத்த பின் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிக்க வேண்டும். ஒரு குப்பி 100 குஞ்சுக்கானது, உங்களிடம் இருப்பதோ 10. ஆகவே அக்கம்பக்கத்தில் கோழி வைத்திருப்பவர்களோடு பேசி, ஒரே வாரத்தில் எல்லோரும் அடை வையுங்கள். குஞ்சுகள் ஒரே வயதில் இருக்கும், ஒரு குப்பி தெருவுக்கே ஆகும். சின்ன வெங்காயம், கீழாநெல்லி, சீரகம், மிளகு, மஞ்சள் அரைத்து உருட்டிக் கொடுக்கும் முறையையும் பலர் சொல்லியிருப்பார்கள். தீவனம் எடுக்காத கோழிக்குத் துணையாகக் கொடுக்கலாம், ஊசிக்குப் பதிலாக வேண்டாம்.

உங்கள் 8 பெட்டைக்கு இப்படிச் செய்யலாம். கோடையில் அடைக்கு உட்காரும் கோழியைத் தெளிய வைத்துவிடுங்கள், அதாவது அடையை விட வையுங்கள். அதற்கு மூக்கில் இறகு குத்துவதும் தண்ணீரில் முக்குவதும் வேண்டாம். வைக்கோல் இல்லாத, காற்றோட்டமான கூண்டில் தீவனம் தண்ணீரோடு நான்கு நாள் அடைத்தால் தெளிந்துவிடும். தை, மாசியில் இரண்டு கோழிகளை ஒரே மாலையில் உட்கார வையுங்கள். பொரிந்த பிறகு, ஒருநாள் வித்தியாசத்துக்குள், இருட்டில் எல்லாக் குஞ்சுகளையும் ஒரே தாயின் இறக்கைக்குள் விட்டால் விடியும்போது தன் குஞ்சு என்றே எடுத்துக்கொள்ளும். மற்றதைப் பிரித்துவிட்டால் சீக்கிரம் மறுபடி முட்டைக்கு வந்துவிடும். வருஷத்துக்கு 60 முதல் 80 முட்டை இடும் கோழிக்கு இது நல்ல லாபம். அடை வைக்கும் நாளிலிருந்து ஆறு வாரத்துக்கு வெளியூர்ப் பயணம், கல்யாணம் காட்சி ஏதும் இருக்கிறதா என்று காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். தடுப்பூசிக்கான 7-ம் நாளும் பஞ்சாரக் காலமும் அதற்குள்தான் வருகின்றன. கோழிகள் 30, 40 என்று பெருகி, வாராவாரம் குஞ்சு வேண்டும் என்ற நிலை வந்தால் இன்குபேட்டரைப் பற்றி அப்போது பேசலாம்.